மக்ரோனியைக் கொண்டுவந்தது மார்கோ போலோ அல்ல

ஒரே சட்டியில் மக்ரோனி, மரக்கறி, பால் எல்லாம் போட்டு இராச் சாப்பாட்டை முடிப்பது இப்போது நமது ஊர் வீடுகளிலும் பழகிவிட்டது. "இது நம்மட சாப்பாடா?" என்று மூத்தவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. கேள்வி நியாயமானது. பதில்தான் கொஞ்சம் நீளம்.

மார்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்ற கதையை முதலில் ஒதுக்கி வைப்போம். அவர் வெனிசுக்குத் திரும்பியது 1295இல். அதற்கு முன்பே, 1279இல், ஜெனோவாவில் எழுதப்பட்ட ஒருவரின் உடைமைப் பட்டியலில் ஒரு கூடை மக்ரோனி இருக்கிறது. அந்தக் கதையைப் பரப்பியதில் பெரும் பங்கு 1929இல் அமெரிக்க மக்ரோனி உற்பத்தியாளர்களின் சஞ்சிகைக்கு உண்டு.

நாம் பார்க்க வேண்டியது சிசிலித் தீவை. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முஸ்லிம்கள் ஆண்ட அத்தீவு பின்னர் நோர்மன் கிறிஸ்தவர்களின் கைக்குப் போனது. ஆனாலும் மன்னர் இரண்டாம் ரோஜர் தனது அரசவையில் அல் இத்ரீசி என்ற முஸ்லிம் புவியியலாளரை வைத்திருந்தார். 1154இல் முடித்த நூலில் அவர் எழுதுகிறார்: பலெர்மோவுக்கு அருகே திராபியா என்ற ஊரில் நீராலைகள் உள்ளன, அங்கே 'இத்ரிய்யா' பெருமளவில் செய்யப்பட்டு, கப்பல் கப்பலாக முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் போகிறது. இத்ரிய்யா என்றால் கோதுமை மாவில் செய்து உலர்த்திய இழை. உலர்ந்ததால் கெடாது, கெடாததால் கடல் கடந்தது. (இதே நூலில் நமது ஸரந்தீபும் வருகிறது. மன்னரின் பதினாறு ஆலோசகர்களில் நால்வர் முஸ்லிம்கள் என்கிறார்.)

இதை வைத்து "பாஸ்டாவைக் கண்டுபிடித்தது முஸ்லிம்களே" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது சரியல்ல. அந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. யூதர்களின் ஜெரூசலம் தல்மூதிலும் உண்டு. நமக்குரிய பங்கு உண்மையானது, அதைப் பெருப்பிக்கத் தேவையில்லை.

சொல் இன்னும் உயிரோடிருக்கிறது. தென் இத்தாலியில் கடலையோடு சமைக்கும் 'சீச்சேரி எ திரியா' முழுக்க மரக்கறி உணவு. போர்த்துக்கலில் 'அலெத்ரியா' என்றால் பால், முட்டை, சீனி, கறுவா சேர்த்த இனிப்புச் சேமியா. நமது பெருநாள் சேமியாவை நினைத்துப் பாருங்கள்.

கிரீம் பிந்தி வந்தது. உரோமில் அல்பிரெடோ டி லெலியோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபலப்படுத்திய பாஸ்டாவில் கிரீம் கிடையாது. வெண்ணெயும் சீஸும் மட்டுமே. கிரீம் சேர்த்தது அமெரிக்கா. ஒரு சட்டிச் சமையலும் இதே இரகசியத்தில்தான் நிற்கிறது. அவித்த தண்ணீரை வடித்து ஊற்றாவிட்டால் மக்ரோனியிலிருந்து இறங்கும் மாச்சத்து அதிலேயே தங்கி, கறியைத் தடிப்பாக்கும். ஆகவே மக்ரோனி மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, அடிக்கடி கிளறி, வெந்து வற்றும்போது பாலை ஊற்றினால் போதும். தொடக்கத்திலேயே பாலை விட்டால் அடிப்பிடிக்கும்.

ஒரு விசயம். இத்தாலியின் அசல் பார்மிஜானோ சீஸில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். ஆகவே அது மரக்கறி உணவாகாது. ஹலால் பற்றியும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடையில் பக்கற்றைத் திருப்பி வாசியுங்கள்.