கிழக்கே கோட்டையின் களரி: திருவனந்தபுரத்தில் கூட்டுடற்பயிற்சியின் வரலாறு

திருவனந்தபுரத்தில் ஓர் ஆசிரியரின் குரலுக்கு இணங்கப் பலர் ஒருசேர உடலை வருத்தி வலுவேற்றும் வழக்கம், இரும்புத் தட்டுகளும் ஆளுயரக் கண்ணாடிகளும் கொண்ட ஜிம்களோடு அந்நகருக்கு வந்த புதுமை அன்று. அதற்கு நெடிய முன்வரலாறு உண்டு. அவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும்: பயிற்சியின் சுமையைத் தருபவரே அச்சுமையால் விளையும் காயத்தையும் பிடிப்பையும் சுளுக்கையும் தீர்க்கும் பொறுப்பை ஏற்றிருந்த இடங்களில்தான் இப்பயிற்சி தலைமுறைகளைத் தாண்டி நிலைத்தது, அவ்விரு பொறுப்புகளும் பிரிந்த இடங்களில் பயில்வோரின் எண்ணிக்கை பெருகினாலும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான பிணைப்பு தளர்ந்தது.

பழைய திருவிதாங்கூரின் தென்பகுதிக்கு உரிய பயிற்சிமுறை அடிமுறை எனப்பட்டது. பிற்காலத்தில் கேரளத்தார் அதனைத் தெக்கன் களரி என்று வகைப்படுத்தினர். இதனைக் கற்பித்தவர் ஆசான் எனப்பட்டார். இம்முறைக்குக் கட்டடம் இன்றியமையாததாக இருக்கவில்லை. தென்னந்தோப்பின் நடுவிலோ வேலியடைத்த வெளியிலோ ஆசான் நின்ற இடமே பயிற்சிக்களம். இம்மரபினர் அகத்தியரைத் தம் முதல் குருவாகக் கொண்டனர். அவர்களுடைய வர்ம நூல்கள் தமிழில் ஓலைச்சுவடிகளாக வழங்கின. வர்மம் என்பது, அடிபட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ ஊறு விளைக்கும் உடலிடம்; இம்மரபு அவற்றைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என மொத்தம் 108 ஆகக் கணக்கிடுகிறது. அடிக்கக் கற்றவர் அவ்வடியின் விளைவை மாற்றும் அடங்கலையும் எண்ணெய்த் தடவலையும் கற்றாக வேண்டும் என்பதால், ஊரின் ஆசானே ஊரின் எலும்புமுறிவு வைத்தியராகவும் விளங்கினார்.

அரசின் படை வேறொரு வகைக் கூட்டுப்பயிற்சியை அறிமுகப்படுத்தியது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் என்ற அதிகாரியைத் தம் படையில் ஏற்றார். அவர் 1777இல் இறக்கும் வரையில் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையிலான அணிவகுப்பையும் துப்பாக்கிப் பயிற்சியையும் ஊட்டினார். வரிசையில் நின்று ஒரே கட்டளைக்கு ஒரே நேரத்தில் அசையும் இவ்வொழுங்கில், ஆசான் ஒவ்வோர் உடலின் இயல்பையும் அறிந்து தந்த பயிற்சிக்கு இடமில்லை. ஆயினும் கூட்டாக அசைவதன் அழகை இந்நாடு முன்பே அறிந்திருந்தது. அம்பலப்புழைப் படைவீரர்களின் பயிற்சியிலிருந்து வளர்ந்த வேலகளி என்னும் கூத்து, பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனித் திருவிழாவில், கிழக்கு நடையில் நிறுத்தப்படும் பேருருவப் பாண்டவர் சிலைகளின் முன்னே, கேடயமும் கோலும் ஏந்திய இளைஞர் வரிசைகளால் ஆடப்பட்டது; நெடுநேரம் முழங்கால் மடக்கித் தாழ்ந்தும் எழுந்தும் ஆடவேண்டிய அதற்குத் தேவைப்பட்ட தொடைவலு, கோயில் விழாவுக்கென்றே இளைஞர்களை மாதக்கணக்கில் பயிற்றுவதற்குக் காரணமாயிற்று. 1809இல் ஆங்கிலேயருக்கு எதிராகத் திருவிதாங்கூர் அமைச்சர் வேலுத்தம்பி தளவாய் நடத்திய எழுச்சி அடக்கப்பட்டபின் திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. வடக்கே மலபாரில் பழசிராஜாவின் போர் நடந்துகொண்டிருந்த 1804ஆம் ஆண்டிலேயே ஆயுதம் வைத்திருப்போர்மீது ஆங்கிலேயர் கடும் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியிருந்தனர். போர்த்தொழில் என்ற பயன் போனபின், களரிகளைக் குடும்பங்களும் வைத்தியமும் மட்டுமே காத்தன.

மலபாரில் அவ்வாறு காத்தவர்களுள் தலையாயவர் கோட்டக்கல் கணாரன் குருக்கள். குருக்கள் என்பது மலபாருக்கு உரிய வடக்கன் களரி ஆசிரியரின் பட்டம். அவரிடம் கற்ற சி.வி. நாராயணன் நாயர் தலைச்சேரி வட்டாரத்தில் பயிற்றி, மேடைதோறும் களரிப்பயிற்றைக் காட்டி அதற்குப் பொதுமக்களிடையே மீண்டும் மதிப்பைத் தேடித் தந்தார். 1944இல் அவர் மறைந்தபின் அவர் பெயரின் முதலெழுத்துகளே அம்மரபின் பெயராயின. அதே தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் களரியையும் மேலைநாட்டு உடற்பயிற்சியையும் இணைத்துச் சர்க்கஸ் கலைஞர்களை உருவாக்கியதும் இக்கதையோடு சேர்த்து எண்ணத்தக்கதே.

1956ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனை. அவ்வாண்டு நாராயணன் நாயரின் மகன் சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் திருவனந்தபுரத்தின் கிழக்கே கோட்டையில் சி.வி.என். களரியை நிறுவினார். அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மலபாரும் திருவிதாங்கூர்-கொச்சியும் இணைந்து கேரளம் உருவாக, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அடிமுறையின் உரமான மண்ணில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் போன அதே ஆண்டில் வடக்கின் களரி தலைநகரின் நடுவே வந்து நிலைகொண்டது. தலைநகரில் களரி என்றவுடன் வடக்கன் முறையே நினைவுக்கு வருவதற்கும், அந்நிலத்திற்கே உரிய தென்முறை ஊர்ப்புறத்துக்கு ஒதுங்கியதற்கும் இந்நிகழ்வுகளுக்குப் பங்குண்டு. 

வடக்கன் களரி என்பது முதலில் ஓர் இடம். மரபான அளவின்படி 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட செவ்வகமாக, நிலமட்டத்திற்குக் கீழே தோண்டப்பட்டு, கிழக்கே வாயில் வைத்து அமைக்கப்படுவதால் அது குழிக்களரி எனப்பட்டது. வியர்த்த உடலில் நேரே காற்று படாமலும் வெயில் தாக்காமலும் குளிர்ச்சி நிலைக்க இவ்வமைப்பு உதவியது. தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக எழும் பூத்தறை, தெய்வத்திற்குரிய மேடை. மாணவர் வலக்காலை முன்வைத்து உள்ளே இறங்கி, தரையையும் பூத்தறையையும் குருக்களையும் வணங்கிய பின்னரே பயிற்சி தொடங்கும். இடுப்பில் இறுகச் சுற்றிய கச்சையும் உடல் முழுவதும் பூசிய எண்ணெயும் தவிர வேறு கருவி இல்லை.

பயிற்சியின் உயிர் வாய்த்தாரி. அடுத்தடுத்து உடல் எடுக்கவேண்டிய நிலைகளை அடைவான ஓசையில் குருக்கள் சொல்லிக்கொண்டே போக, வரிசையாக நிற்கும் மாணவர்கள் அச்சொற்களுக்கேற்பத் தாழ்ந்தும் திரும்பியும் எழும்பியும் களரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்வர். முதலில் நேர்க்கால், கோண்கால், இருத்திக்கால் எனக் காலை உயர்த்தி வீசும் பயிற்சிகள்; பின்னர் அவற்றையும் யானை, சிங்கம், குதிரை, பன்றி முதலிய விலங்குகளின் பெயரால் வழங்கும் வடிவுகளையும் கோத்த மெய்ப்பயிற்று. இவை முதிர்ந்த பின்பே கெட்டுகாரி என்னும் நெடுங்கோல், செறுவடி என்னும் குறுங்கோல், யானைத்தந்தம்போல் வளைந்த ஒட்டா ஆகியவற்றைப் பழகும் கோல்தாரி, அதன்பின் வாளும் கேடயமும் உறுமியும் கொண்ட அங்கத்தாரி, இறுதியில் வெறுங்கை. தன் உடலின் எடையை அடக்கக் கற்றவனுக்கே மரமும் அதன்பின் இரும்பும் என்ற இவ்வரிசை மிகுந்த அறிவு வாய்ந்தது. ஒரே குரலுக்குப் பலர் அசைந்தாலும் எல்லோருக்கும் ஒரே வேகம் இல்லை. புதியவர் பின்வரிசையில் மூத்தோரைப் பார்த்தே அடவைக் கற்க, வாய்த்தாரி சொல்லும் குருக்களின் கண், வளையாத முதுகையும் ஊன்றாத குதிகாலையும் தேடிக்கொண்டே இருக்கும்.

மழைக்காலமே களரியின் பருவம். தென்மேற்குப் பருவமழையின் ஈரமும் குளிர்ச்சியும் உடலை இளகச் செய்யும் என்பதால், தமிழரின் ஆடிக்கு இணையான கர்க்கடக மாதத்தில் உழிச்சில் நடக்கும். எண்ணெய் பூசித் தரையில் கிடக்கும் மாணவரின் உடலை, மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு குருக்கள் தம் பாதங்களால் நீவுவது உழிச்சில். எந்தத் தசை இறுகியிருக்கிறது, எந்த மூட்டு தயங்குகிறது என்பதைப் பாதத்தால் அறிந்தவர் அடுத்த வாரத்தின் பயிற்சியை அதற்கேற்ப மாற்றுவார். கிழக்கே கோட்டைக் களரியிலும் பயிற்சிக்களத்தோடு சிகிச்சையும் இணைந்தே நடந்துவருகிறது. வெளிநாட்டினரும் இங்கே கற்க வந்தனர். அமெரிக்க நாடக அறிஞர் ஃபிலிப் ஜாரில்லி 1976 முதல் இங்கே கற்று, தம் நடிப்புப் பயிற்சி முறைக்கே இதனை அடித்தளமாக்கினார்.

அரசு சார்ந்த உடற்பயிற்சி வேறு திசையில் வளர்ந்தது. ஜி.வி. ராஜா என்று அறியப்பட்ட கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1954இல் விளையாட்டுக் கவுன்சில் தோன்றியது. 1985இல் காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி தொடங்கப்பட்டது. கைப்பந்து வீரர் ஜிம்மி ஜார்ஜின் பெயரில் வெள்ளையம்பலத்தில் உள்விளையாட்டரங்கம் அமைந்தது. இவற்றால் எடைப்பயிற்சி அறிவியல் முறையில் பரவியது உண்மை. வீட்டுக்கு அருகில் மாதக் கட்டணத்தில் கூட்டுப்பயிற்சி கிடைக்கும் இன்றைய நிலைக்கும் அவையே வழி செய்தன. ஆனால் பயிற்சியாளர் ஒருவர், பிசியோதெரபிஸ்ட் மற்றொருவர் என்ற பிரிவும் அவற்றோடு நிலைபெற்றது.

1958இல் உருவான கேரளக் களரிப்பயிற்றுச் சங்கம் வடக்கன், தெக்கன் முறைகளை ஒரே குடையின்கீழ்க் கொணர்ந்து போட்டிகளை நடத்தத் தொடங்கியது. 2022இல் ஹரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் களரிப்பயிற்று இடம்பெற்றது. போட்டி, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தென்முறை ஆசானின் மாணவருக்கும் கிழக்கே கோட்டையின் மாணவருக்கும் ஒரே மேடையைத் தந்திருக்கிறது. எனினும் மேடையில் மதிப்பெண் பெறுவது உயர்ந்த காலும் தவறாத காலடியும்தான். அடங்கல் செய்யும் விரலுக்கும் உழிச்சில் செய்யும் பாதத்திற்கும் அங்கே கணக்கில்லை. அவ்வறிவு இன்றும் ஆசான்மாரின் வீடுகளில், வர்மச் சுவடிகளைப் படிக்கத் தெரிந்த சிலரிடமே எஞ்சியிருக்கிறது.