பினாங்குக் கடற்கரைக்கு எப்போது போகலாம்? 'டிசம்பர்னா மழை' என்பது ஏன் பாதி உண்மை மட்டும்?

"டிசம்பர்லயா? மலேசியாவுல அப்போ மழைக்காலமாச்சே!"

விடுமுறை பற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்செடுத்ததுமே இப்படி ஒரு பதில் வந்து விழும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது மலேசியாவின் கிழக்குக் கரைக்குத்தான் பொருந்தும். பினாங்கு இருப்பது மேற்குக் கரையில்.

இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் போனால் என்ன ஆகும்? வெயில் அடிக்கும் மாதத்தில் பினாங்கைத் தவிர்த்துவிட்டு, மழை கொட்டும் மாதத்தில் டிக்கெட் போட்டுவிடுவீர்கள். சேர்த்து வைத்த காசும் லீவும் ஹோட்டல் ஜன்னல் வழியாக மழை பார்ப்பதிலேயே கரைந்துவிடும்.

அப்போ, பினாங்குக்கு எப்போதான் போறது?

சுருக்கமான பதில்

• டிசம்பர் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை: கடற்கரைக்கு ஏற்ற காலம். மழை குறைவு, கூட்டம் அதிகம்.

• மார்ச் கடைசி முதல் மே வரை: காலையில் வெயில், மாலையில் இடிமழை. சமாளிக்கலாம்.

• ஜூன், ஜூலை: நடுத்தரம். டுரியான் பிரியர்களுக்கு இதுதான் சீசன்.

• ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை: மழை கூடும் காலம். செப்டம்பர், அக்டோபர்தான் உச்சம். சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால், மற்ற தீவுகளுக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

ஒரே காற்று, இரண்டு வானிலை

நவம்பர் முதல் மார்ச் வரை தீபகற்ப மலேசியாவில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும். சென்னை, நாகப்பட்டினம் பக்கம் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவம்தான்.

மலேசியாவில் இந்தக் காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் அதைக் கொட்டுகிறது. வெள்ளச் செய்திகள் வருவது அங்கிருந்துதான். பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளில் இந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும். பெரும்பாலான தங்குவிடுதிகள் நவம்பரில் கதவைச் சாத்திவிட்டு, பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில்தான் திறக்கும்.

ஆனால் தீபகற்பத்தின் முதுகெலும்பு மாதிரி நடுவே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. அதைத் தாண்டி மேற்கே வருவதற்குள் காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அதனால்தான் கோத்தா பாருவில் மக்கள் குடையோடு அலையும்போது பத்து ஃபிரிங்கியில் வெயில் காய்கிறது.

தமிழ்நாட்டை நினைத்துப் பாருங்கள், எளிதாகப் புரியும். தென்மேற்குப் பருவமழை கேரளாவை நனைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும்போது பெரும்பாலும் வெறும் காற்றாகத்தான் வரும். அங்கே அந்த மலை செய்கிற வேலையை இங்கே தித்திவங்சா செய்கிறது. திசைதான் எதிர்.

சரி, அப்போ தென்மேற்குப் பருவத்தில் பினாங்கு நனைய வேண்டாமா? மே கடைசி முதல் செப்டம்பர் வரை வீசும் அந்தக் காற்றை ஓரளவு மறிக்க, எதிரே சுமத்ரா தீவு இருக்கிறது. அதனால் ஜூன், ஜூலையில் மழை உண்டு, ஆனால் உச்சத்துக்குப் போவதில்லை.

உண்மையான மழை, ஒரு பருவம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியில்தான் வருகிறது. அப்போது பெருங்காற்று அடங்கியிருக்கும். பகல் சூட்டில் மேலெழும் ஈரக்காற்று மாலையில் இடிமேகமாகத் திரளும். ஏப்ரல், மே ஒரு சுற்று. செப்டம்பர், அக்டோபர் இன்னொரு சுற்று. இரண்டாவதுதான் பெரியது.

எண்கள் என்ன சொல்கின்றன?

பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் பகுதியின் நீண்டகாலச் சராசரியைப் பார்க்கலாம்.

• ஜனவரி, பிப்ரவரி: ஒவ்வொன்றிலும் சுமார் 70 மில்லிமீட்டர் மழை

• ஜூன்: சுமார் 180 மில்லிமீட்டர்

• செப்டம்பர்: சுமார் 350 மில்லிமீட்டர்

• அக்டோபர்: சுமார் 380 மில்லிமீட்டர்

அதாவது, ஜனவரியில் பெய்வதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் அக்டோபரில் பெய்கிறது.

வெப்பநிலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆண்டு முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி செல்சியஸ், இரவில் 23, 24 டிகிரி. பினாங்கில் சீசனைத் தீர்மானிப்பது வெயில் அல்ல, மழைதான்.

ஆனால் ஒன்று. இவை சராசரிகள்தான். ஜனவரியிலும் ஒரு நாள் கொட்டலாம். அக்டோபரிலும் காலை பத்து மணிக்குப் பளிச்சென்று வெயில் அடிக்கலாம். நீங்கள் தேர்ந்தெடுப்பது வாய்ப்பு அதிகமுள்ள மாதத்தை. உத்தரவாதத்தை அல்ல.

நல்ல சீசனுக்கும் ஒரு விலை உண்டு

வானம் தெளிவாக இருக்கும் மாதங்களில்தான் பண்டிகைகளும் வரிசைகட்டி வருகின்றன. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, தைப்பூசம், சீனப் புத்தாண்டு. அறைக் கட்டணம் ஏறும். கொடிமலைக்கு ரயில் ஏற நீண்ட வரிசை நிற்கும். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானச் சேவையும் தொடங்கியதால், தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கும் இது வசதியான காலம்.

தைப்பூசத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஜார்ஜ்டவுனில் பினாங்கு ஸ்திரீட்டிலுள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, தண்ணீர்மலை சாலையிலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலுக்குப் போகும். 2017 முதல் தங்க ரதமும் ஓடுகிறது. வழிநெடுக உடையும் தேங்காய்கள் மலைபோல் குவியும். உடைப்பவர்களில் சீனர்களும் ஏராளம். மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள்.

அதைப் பார்க்கவே நீங்கள் வருகிறீர்கள் என்றால், சில மாதங்களுக்கு முன்பே அறை பிடித்துவிடுங்கள். கடலுக்கு மட்டும்தான் வருகிறீர்கள் என்றால் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. சாலைகள் மூடப்படும், கார் கிடைக்காது.

நோன்பு மாதத்தையும் நாட்காட்டியில் பாருங்கள். அது ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னே நகர்ந்து வருகிறது. இப்போது அது பிப்ரவரி, மார்ச் பக்கம் வந்திருக்கிறது. பகலில் மலாய் உணவுக் கடைகள் பல மூடியிருக்கும். மாலையில் ரமலான் சந்தைகள் களைகட்டும். இந்திய, சீனக் கடைகள் வழக்கம்போல் திறந்திருக்கும்.

கூட்டமும் வேண்டாம், மழையும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. புத்தாண்டு முடிந்த பிறகு, தைப்பூசத்துக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முன்பாக வரும் ஜனவரி வார நாட்கள். பள்ளி, கல்லூரி இடம் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புகைமூட்டம்: சீசன் அட்டவணையில் இல்லாத விருந்தாளி

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று, சுமத்ராவில் காட்டுத் தீ, கரிநிலத் தீ ஆகியவற்றின் புகையைச் சுமந்து வரக்கூடும். எல்லா ஆண்டும் வராது. எல் நினோ காரணமாக வறட்சி கடுமையாக இருக்கும் ஆண்டுகளில் மோசமாகும். 2015, 2019 ஆண்டுகளில் மலேசியாவில் பல பள்ளிகளை மூடும் அளவுக்குப் போனது.

மலேசியாவின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் 'ஆரோக்கியமற்றது'. 200ஐத் தாண்டினால் 'மிகவும் ஆரோக்கியமற்றது'. குழுவில் ஆஸ்துமா உள்ளவர், சின்னக் குழந்தை, வயதானவர் யாராவது இருந்தால், அந்த மாதங்களில் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் முன்பதிவு செய்யுங்கள்.

கடல் எப்படி இருக்கும்? உண்மையைச் சொல்லட்டுமா?

இன்ஸ்டகிராமில் பார்க்கும் பச்சை நீலக் கண்ணாடித் தண்ணீரை எதிர்பார்த்து பத்து ஃபிரிங்கிக்குப் போனால் ஏமாற்றம்தான். மலாக்கா நீரிணையில் வண்டல் அதிகம். எந்த மாதம் போனாலும் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும்.

பவளப்பாறை, மீன் கூட்டம் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரைத் தீவுகளுக்குப் போங்கள். மணல், மாலை வெயில், படகுச் சவாரி, இரவில் ஜார்ஜ்டவுன் சாப்பாடு என்றால் பினாங்கை அடிச்சுக்க ஆளில்லை. 2008ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமான நகரம் கடற்கரையிலிருந்து காரில் எட்டும் தூரத்தில் இருப்பது எல்லாத் தீவுக்கும் வாய்க்காது.

மழை பெய்தாலும் பயணம் வீணாகாது என்பது இதில் இன்னொரு லாபம். மதியம் வரை கடற்கரை, மழை வந்தால் ஐந்தடி நடைபாதையோரம் ஒரு தே தாரிக்.

சீசன் நல்லதாக இருந்தாலும் மறக்கக் கூடாதவை

ஜெல்லிமீன்: பினாங்குக் கடலில் கொடிய நஞ்சுள்ள பாக்ஸ் ஜெல்லிமீனும் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருந்தால் இறங்காதீர்கள். தேசியப் பூங்காவிலுள்ள பந்தாய் கெராச்சுட் கடற்கரை பார்க்க அழகு, நீந்துவதற்கு அல்ல. கொட்டிவிட்டால் உடனே கரையேறுங்கள். தேய்க்காதீர்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். வினிகர் ஊற்றிவிட்டு 999ஐ அழையுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

சுமத்ரா காற்று: ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையில், மேற்கிலிருந்து திடீரெனப் பலத்த காற்றும் மழையும் வீசும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். அதிகாலைப் படகுப் பயணம் என்றால் முதல் நாள் இரவே வானிலை பாருங்கள்.

வெள்ளம்: 2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பினாங்கில் இரவு முழுக்கக் கொட்டிய மழையில் 7 பேர் உயிரிழந்தனர். நவம்பர் வந்ததும் மழை நின்றுவிடும் என்று எண்ணிவிட வேண்டாம்.

சுனாமி: இதற்குச் சீசன் கிடையாது. 2004 டிசம்பர் 26 விடுமுறைக்கால ஞாயிற்றுக்கிழமை. மக்கள் கடற்கரையில் கூடியிருந்தார்கள். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். நிலநடுக்கத்தை உணர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல், ஃபோன் எடுக்காமல் மேட்டை நோக்கி ஓடுங்கள்.

டிக்கெட் போடும் முன் மூன்று கேள்விகள்

1. நான் போகும் தீவு எந்தக் கரையில் இருக்கிறது? மேற்கு என்றால் (பினாங்கு, லங்காவி) ஆண்டின் தொடக்கம். கிழக்கு என்றால் ஆண்டின் நடுப்பகுதி.

2. எனக்கு வேண்டியது கடலா, ஊரா? கடல் மட்டும்தான் என்றால் மழை மாதத்தில் போகாதீர்கள். ஊரும் சாப்பாடும் என்றால் பினாங்கில் எந்த மாதமும் தோற்காது. கட்டணம் குறைந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

3. அந்த வாரத்தில் என்ன பண்டிகை? தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்பு மாதம் எதற்கும் நிலையான ஆங்கிலத் தேதி இல்லை. ஆண்டுதோறும் மாறும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைச்சுவாச்சா' செயலியைப் பாருங்கள். உங்கள் ஃபோனில் இருக்கும் பொதுவான வானிலைச் செயலி பத்து நாளுக்கும் இடி மேகப் படம் காட்டி உங்களைப் பயமுறுத்தலாம். பூமத்திய ரேகைப் பக்கம் அது பெரும்பாலும் மாலையில் ஒரு மணி நேர மழை, அவ்வளவுதான்.

அடுத்த முறை வாட்ஸ்அப் குழுவில் "டிசம்பர்ல மழையாச்சே" என்று யாராவது சொன்னால், முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "எந்தக் கரையில?"