ஒரே தண்டனை

1825 மார்ச்சில் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது, அதை உருவாக்கிய தாமஸ் ஜெஃபர்சன் மாணவர்களை நம்பினார். கண்டிப்பும் காவலும் அதிகம் தேவையில்லை, இளைஞர்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்வார்கள் என்பது அவர் எண்ணம். சில மாதங்களிலேயே முகமூடி அணிந்த மாணவர்கள் இரவில் ரகளை செய்து, தடுக்க வந்த பேராசிரியர்களைத் தாக்கினார்கள். அக்டோபர் 3ஆம் தேதி மாணவர்கள் கூட்டப்பட்டார்கள். பேச எழுந்த ஜெஃபர்சனுக்கு அப்போது 82 வயது. தொண்டை அடைத்து, பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் குற்றம் செய்தவர்கள் முன்வந்து பெயர் கொடுத்தார்கள். அவர்களில் அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவனும் இருந்தான்.

ஒரு முதியவரின் வேதனை சாதித்ததை நிர்வாகம் கவனித்ததாகத் தெரியவில்லை. விதிகளை இறுக்கியது. விடியலில் எழ வேண்டும், சாம்பல் நிறச் சீருடை அணிய வேண்டும், கையிலிருக்கும் பணத்தை ஒப்படைக்க வேண்டும். மாணவர்கள் அடங்கவில்லை. 1840 நவம்பர் 12ஆம் தேதி இரவு, துப்பாக்கி வெடித்துத் திரிந்த முகமூடி மாணவன் ஒருவனை அடையாளம் காண முயன்ற சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ் சுடப்பட்டார். இரண்டு நாளில் இறந்தார்.

டேவிஸின் இடத்துக்கு வந்த ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர், 1842இல் ஒரு வழி சொன்னார். யாருடைய உதவியும் பெறவில்லை என்று மாணவன் தன் மானத்தின் பேரில் விடைத்தாளில் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். ஆசிரியர் அதை நம்ப வேண்டும். நாளடைவில் விசாரணை முழுவதும் மாணவர்கள் கைக்கே போனது. பொய், களவு, காப்பி எதுவானாலும் தண்டனை ஒன்றே: பல்கலைக்கழகத்தை விட்டு நிரந்தர வெளியேற்றம்.

இதைப் பாராட்டி எழுதுபவர்கள் விட்டுவிடும் ஒன்றை என்னால் விட முடியாது. தொடக்க காலத்தில் அந்த மானம் வெள்ளை ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. அதே வளாகத்தில் சமைத்து, விறகு சுமந்து, அறைகளைக் கூட்டிய அடிமை மக்களை மாணவர்கள் அடித்தார்கள். அதை மானக்கேடாக யாரும் எண்ணவில்லை.

அரசுதவி பெறும் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இருந்தவன் நான். ‘டி.சி. கொடுத்து அனுப்புங்கள்’ என்று கூட்டத்தில் குரல் ஓங்கும். ஆனால் தேர்வறையில் பிட்டுடன் கையும் களவுமாகப் பிடித்தவர்களே அறிக்கை எழுதத் தயங்குவார்கள். ‘சார், அப்பா கட்டட வேலைக்குப் போறார், இவன்தான் வீட்டில் முதல் பட்டதாரி’ என்பார் ஒருவர். பிட்டைக் கிழித்துப் போட்டு, பையனை வேறு இடத்தில் உட்கார வைப்பார்கள். அவனுக்குத் தண்டனையும் இல்லை, செய்தது ஏன் தவறு என்று சொல்லித்தர ஆளும் இல்லை. படிப்பையே பறிக்கும் தண்டனை ஒன்றுதான் கையில் இருந்தால், இரக்கமுள்ளவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

வர்ஜீனியாவிலும் இதே விவாதம்தான் பல தலைமுறைகளாக நடந்தது. தண்டனை மிகக் கடுமையானது என்பதால் புகார் கொடுக்கவே பலர் தயங்கினார்கள். சந்தேகம் எழுவதற்கு முன்பே தானாக வந்து ஒப்புக்கொண்டு, செய்ததைச் சரிசெய்பவருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2013இல் இன்னொரு கதவு திறந்தது: புகார் வந்த பிறகு ஒப்புக்கொள்பவர் ஓராண்டு விலகியிருந்துவிட்டுத் திரும்பலாம். ஒரே தண்டனை முறையைக் கைவிடும் முயற்சி 2016இல் நூலிழையில் தோற்றது.

2022இல் மாணவர்கள் வாக்களித்து நிரந்தர வெளியேற்றத்தைத் தற்காலிக விலகலாக மாற்றினார்கள். 2023இல் மீண்டும் வாக்களித்தார்கள். குற்றத்தின் தன்மையைப் பார்த்து, மறுகற்பித்தலா, இழப்பைச் சரிசெய்வதா, சில காலம் விலக்கி வைப்பதா, முற்றாக வெளியேற்றுவதா என்று இப்போது முடிவு செய்கிறார்கள். விசாரிப்பதும் முடிவெடுப்பதும் இன்றும் மாணவர்களே.