அடிவாரம் வரை சைக்கிள்: செங்கல்பட்டு – மாமல்லபுரம் வழியில் ஒரு பயணமுறையின் வரலாறு

செங்கல்பட்டு மாவட்டத்தில் மலை என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் குன்றுகள்தான். திருக்கழுக்குன்றத்து வேதகிரி சுமார் 500 அடி. திருநீர்மலையையும் திருப்போரூர்ப் பிரணவமலையையும் நீலகிரிக்காரர் ஒருவரிடம் மலை என்று சொன்னால் சிரித்துவிடுவார். ஆயினும் சைக்கிளையும் மலையேற்றத்தையும் ஒரே பயணமாக இணைக்கும் வழக்கத்தை ஆராய இந்த வட்டாரமே பொருத்தமானது. இங்கே உச்சியை அடைவதில் இருந்த சிரமம் ஏற்றத்தில் இல்லை. அடிவாரத்துக்கு வந்து சேர்வதில் இருந்தது. அந்தத் தூரத்தை எந்த வாகனம் தீர்த்து வைத்தது என்பதைப் பொறுத்தே மலையேறும் கூட்டமும் காலந்தோறும் மாறியிருக்கிறது.

சக்கரத்துக்கு ஒரு வழி, காலுக்கு ஒரு வழி என்ற ஏற்பாடு சைக்கிளுக்கு முந்தையது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் சைதாப்பேட்டை தாலுகாவில் அடங்கியிருந்த பரங்கிமலையே அதற்கு நல்ல சான்று. ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டினார். பரங்கிமலை உச்சிக்குக் கருங்கல் படிகள் அமைத்தவரும் அவரே. பாலம் இல்லாமல் வண்டி ஆற்றைத் தாண்டாது, படி இல்லாமல் முதியவர்கள் மாதா கோவிலை எட்ட முடியாது. இரண்டையும் ஒருவரே செய்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுவாசல் முதல் உச்சி வரையிலான பயணத்தை முழுமையாகப் பார்த்த ஒருவரின் கணக்கு அது.

திருக்கழுக்குன்றத்தில் இதே ஏற்பாடு இன்னும் விரிவாக அமைந்தது. மலைமேல் வேதகிரீஸ்வரர், ஊருக்குள் தாழக்கோவிலில் பக்தவத்சலேஸ்வரர். ஏறுவதற்கு 500க்கும் மேற்பட்ட படிகள். இறங்கும் வழி வேறு. அதில் ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் குடைவரை இருக்கிறது. அதன் கல்லில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்தில் பண்டசாலை வைத்திருந்தவர்கள், கடற்கரையிலிருந்து உள்ளே வந்து இந்த மலையேறியிருக்கிறார்கள். பக்தியால் வந்தவர்கள் அல்லர். இந்த வட்டாரத்தில் பார்ப்பதற்காகவே மலையேறியவர்கள் விட்டுச்சென்ற பழைய தடயங்களில் ஒன்று அது. சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கத்தை நம் ஆட்களின் தலையில் மட்டும் கட்ட முடியாது என்பதும் கூடவே தெரிகிறது.

மோட்டார் சாலைகள் வருவதற்கு முன்பு, சென்னையிலிருந்து மாமல்லபுரம் போக முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பக்கிங்காம் கால்வாயில் படகு. மற்றொன்று ரயிலில் செங்கல்பட்டு வரை வந்து, அங்கிருந்து வல்லம், திருக்கழுக்குன்றம் வழியாகக் கடலுக்கு இறங்கும் சாலை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் சுமார் 15 கி.மீ., அங்கிருந்து மாமல்லபுரமும் ஏறத்தாழ அவ்வளவே. வேதகிரி இந்தச் சாலையின் நடுவில் நிற்கிறது. மாட்டு வண்டியிலும் ஜட்காவிலும் வந்தவர்கள் அங்கே இறங்குவதும், மலையேறி உச்சிவேளையில் வரும் இரண்டு கழுகுகளைப் பார்ப்பதும், மறுபடி வண்டியேறுவதும் வழக்கமாயிருந்தது. அந்தக் கழுகுகள் 1990களின் பிற்பகுதியிலிருந்து வருவதில்லை.

இந்தத் தடத்தில்தான் சைக்கிள் நுழைந்தது. ராலே, ஹம்பர் போன்ற இறக்குமதி வண்டிகள் வசதி படைத்தோரிடமும் சில அரசு ஊழியர்களிடமும் இருந்த காலம் போய், 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியபின், ஆசிரியரும் நெசவாளியும் பால்காரரும் சைக்கிள் வாங்க முடிந்தது. வாங்க முடியாதவர்களுக்கு வாடகைச் சைக்கிள் கடை. மணிக்கணக்கு, நோட்டில் பெயர், தெரிந்த முகமென்றால் முன்பணம் வேண்டாம். கிருத்திகைக்கும் பௌர்ணமிக்கும் சுற்றுக் கிராமங்களிலிருந்து மலைக்கு வர இந்த வண்டி போதும். பின்னால் கேரியரில் ஒருவர், முன்கம்பியில் ஒரு பிள்ளை.

மாமல்லபுரத்துக் கடைகளில் வாடகைச் சைக்கிள் எடுத்தவர்கள் வேறு வகையினர். 1980களிலும் 90களிலும் முதுகுப்பையோடு வந்த வெளிநாட்டுப் பயணிகளுக்கு, காலையில் சைக்கிளில் திருக்கழுக்குன்றம் போய் மலையேறித் திரும்புவது வழிகாட்டி நூல்கள் சொல்லும் அரைநாள் பயணமாக இருந்தது. டச்சுக்காரர்களின் பாதையை அவர்கள் தெரியாமலேயே மீண்டும் மிதித்தார்கள். ஒரே மலையில் நேர்த்திக்கடனுக்கு வந்தவரும் வேடிக்கை பார்க்க வந்தவரும் சந்தித்தனர். இரு தரப்பும் வண்டியை விட்ட இடம் ஒன்றுதான்: படிக்கட்டின் கீழே, தேங்காய்–பூக் கடை ஓரம். அர்ச்சனைத் தட்டு அந்தக் கடையிலேயே வாங்கினால் கடைக்காரர் வண்டியைப் பார்த்துக்கொள்வார். செருப்பும் அங்கேயே. அதன் பிறகு வெறுங்கால். பத்து மணிக்கு மேல் கல்படி சுடத் தொடங்கிவிடும். ஏறுகிறவர்கள் சுவரோரத்து நிழல் விழும் பக்கமாகவே ஒட்டி நடப்பார்கள்.

ஐரோப்பிய வரலாற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களின் பட்டியலை ஹியூ மன்ரோ 1891இல் வெளியிட்டார். அவற்றில் பல, வாகனம் நுழையாத நீண்ட எஸ்டேட் பாதைகளுக்கு அப்பால் இருப்பவை. பாதை முடியும்வரை சைக்கிளில் போய், அதைப் புதரோரம் சாய்த்துவிட்டு நடக்கும் முறை அங்கே அப்படி வேரூன்றியது. வேல்ஸில் 1919 மார்ச் மாதம் டபிள்யூ. எம். ராபின்சன், ‘வேஃபேரர்’ என்ற புனைபெயரில் எழுதியவர், பனி மூடிய பெர்வின் மலைத்தொடரைச் சைக்கிளோடு கடந்தார். கரடுமுரடான பாதைகளை விரும்பிய சைக்கிள்காரர்களுக்கு 1955இல் பிரிட்டனில் தனிச் சங்கமே உருவானது. அவர்கள் ஆளில்லாத இடத்தைத் தேடிப் போனார்கள். நம்மூர்ச் சைக்கிள் கூட்டம் கூடும் இடத்தை நோக்கிப் போனது. கருவி ஒன்று, பயன்பாடும் ஏறக்குறைய ஒன்று. போன காரணம் நேரெதிர். விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டாவது வகையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது சரியல்ல.

அகலப்படுத்தப்பட்ட கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லாவற்றையும் கிழக்கே இழுத்துவிட்டது. சென்னை – மாமல்லபுரம் நேராக ஐம்பது, அறுபது கி.மீ. ஆனது. கியர் சைக்கிள்களுடன் வார இறுதியில் புறப்படும் கூட்டங்கள் வளர்ந்தது இந்தச் சாலையில்தான். மேடு பள்ளம் இல்லாத அந்தத் தார்ச்சாலையில் வேகமும் தூரமுமே அளவுகோலாயின. மலையோ வழியைவிட்டு விலகிப் போனது. அதே ஆண்டுகளில் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் திட்டம் விரிவடைந்து, உட்கிராமங்களில் வண்டி நிறைந்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. விளையாட்டுச் சைக்கிள் கடற்கரையில், அன்றாடச் சைக்கிள் ஏரிக்கரையில்.

2008இல் பீட்டர் வான் கெய்ட் தொடங்கிய சென்னை டிரெக்கிங் கிளப், நகரத்து இளைஞர்களிடம் மலை நடையைப் பரவலாக்கியது. பிறகு 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்து பலர் இறந்தனர். அரசு அதே ஆண்டு மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் நினைத்தவுடன் நுழைய முடியாத நிலையில், அனுமதிச் சீட்டு கேட்காத கோவில் மலைகளின் மதிப்பு கூடியது என்பது என் கணிப்பு. கடற்கரைச் சாலை சலித்த சைக்கிள்காரர்கள் திருக்கழுக்குன்றத்தைச் சேர்த்துச் சுற்றுப் பாதை போடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தச் சுற்றை எந்தப் பக்கம் தொடங்குவது என்பதில் பழையவர்கள் விட்ட வழியே இன்றும் வசதி. மலைக்கோவில் நடை மதியம் சாத்தப்படும் என்பதால், விடியுமுன் கிளம்பி முதலில் செங்கல்பட்டு, பிறகு வேதகிரி, கடைசியில் கடல். கோடையில் பிற்பகல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வீசும்போது, மாமல்லபுரத்திலிருந்து வடக்கே திரும்புகிறவருக்கு அது முதுகைத் தள்ளும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்துவிட்டால் கதை வேறு. அப்போது மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கே வந்து, ரயிலில் வண்டியை ஏற்றிக்கொண்டு திரும்புவதுதான் புத்திசாலித்தனம்.