அம்பேத்கர்: உங்க வேலை நேரத்தில் ஒரு சட்டக் கல்லூரி முதல்வரின் பங்கு என்ன?

மாட்டுங்காவில் இட்லி, காபி முடித்துவிட்டு தாதர் ஹிந்து காலனி பக்கம் நடந்திருக்கீங்களா? அங்கே இருக்கும் ‘ராஜகிருகம்’ டாக்டர் அம்பேத்கர் வாழ்ந்த வீடு. அரசியலமைப்பு வரைவுக் குழுத் தலைவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் மும்பையில் சட்டக் கல்லூரி முதல்வர்!

கல்லூரிக்கு எப்படி வந்தார்?

1923-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கினார். 1928-ல் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியர். 1935 ஜூனில் அதே கல்லூரிக்கு முதல்வர். மனைவி ரமாபாய் இறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அதே அக்டோபரில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று இயோலா மாநாட்டில் அறிவித்தார். அப்போதும் அவர் அரசுக் கல்லூரியின் முதல்வர்தான்.

பாடம் நடத்தியவர் சட்டம் இயற்றப் போனது எப்போது?

1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937-ல் பம்பாய் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது.

14 மணி நேர வேலையை 8 ஆகக் குறைத்தாரா?

வாட்ஸ்அப்பில் அப்படித்தான் வருது. ஆனால் 1934 தொழிற்சாலைச் சட்டத்திலேயே உச்ச வரம்பு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி. அம்பேத்கர் காலத்தில் வந்த 1946 திருத்தம், ஆண்டு முழுக்க இயங்கும் ஆலைகளுக்கு அதை 9 மணி, 48 மணி எனக் குறைத்தது. குறைந்தது வாரத்துக்கு 6 மணி நேரம். ஆலைத் தொழிலாளிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இன்று உங்களுக்கு என்ன?

அந்த 48 இன்னும் இருக்கு. மகாராஷ்டிராவின் 2017 கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலும் வார வரம்பு 48 மணிதான். ஆனால் மேலாளர் நிலைப் பதவிகளுக்கு இது பொருந்தாது. அதனால் ‘மேனேஜர்’ என்று பதவி உயர்வு வந்தால், சம்பளத்தோடு இதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

கடைசியில்?

சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சரான அவர், 1951-ல் இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதை முக்கியக் காரணமாகச் சொல்லிப் பதவி விலகினார். 1956-ல், அவர் மறைந்த ஆண்டில், அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் மும்பையில் சித்தார்த் சட்டக் கல்லூரியைத் தொடங்கியது.