குணமடைவதுதான் விசுவாசத்தின் அளவுகோலா? லூர்து நகர் சொல்லும் வரலாறு

நோயுற்ற ஒருவர் மனமுருகிச் செபிக்கிறார். நோய் தீர்ந்துவிட்டால், "எவ்வளவு பெரிய விசுவாசம்!" என்று ஊரார் வியக்கிறார்கள். தீராவிட்டால் என்ன சொல்கிறார்கள்? "இவருக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். ஏற்கெனவே நோயின் சுமையைத் தாங்கிக்கொண்டிருப்பவரின் தலையில் குற்றச்சாட்டும் ஏறிவிடுகிறது.

கிறிஸ்துவ சமயத்தில் அற்புதத்திற்கும் விசுவாசத்திற்கும் உள்ள உறவு உண்மையில் இதுதானா? இதற்கு விடை தேடுவோர் பிரான்சு நாட்டின் தென்மேற்கு மூலையில், பிரனே மலை அடிவாரத்தில் இருக்கும் லூர்து நகரின் வரலாற்றைப் பார்ப்பது நல்லது.

விறகு பொறுக்கப் போன சிறுமி

1858-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி. பெர்னதெத் சூபிரு என்ற 14 வயதுச் சிறுமி தன் தங்கையுடனும் தோழியுடனும் விறகு பொறுக்கப் போனாள். தந்தை மாவு அரைக்கும் ஆலை நடத்தி நொடித்துப் போனவர். முன்பு சிறைச்சாலையாக இருந்த ஒற்றை அறையில் குடும்பம் முழுவதும் தங்கியிருந்தது. சிறு வயதில் காலராவில் பிழைத்தவள் அவள். ஆஸ்துமாவும் விடாமல் வாட்டியது. எழுதப் படிக்கத் தெரியாது.

அன்று மசபியேல் என்ற குகையில் ஒரு பெண்மணி தோன்றியதைக் கண்டதாக அவள் சொன்னாள். ஜூலை 16-ஆம் தேதி வரை மொத்தம் 18 முறை அந்தக் காட்சி கிடைத்ததாகச் சொன்னாள். பிப்ரவரி 25-ஆம் தேதி குகையின் தரையைக் கையால் தோண்டிச் சேற்று நீரைக் குடித்தாள். கூடியிருந்தவர்கள் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால், அந்தச் சேற்றிலிருந்து ஊற்று ஒன்று பெருகத் தொடங்கியது.

மார்ச் 1-ஆம் தேதி கத்ரின் லத்தாப்பி என்ற நிறைமாதக் கர்ப்பிணி அங்கு வந்தார். 1856-இல் மரத்திலிருந்து விழுந்ததில் அவருடைய கைவிரல்கள் இரண்டு செயலிழந்திருந்தன. ஊற்றில் கையை நனைத்தார், விரல்கள் அசைந்தன. பிறகு மக்கள் திரண்டு வரத் தொடங்கினார்கள்.

தண்ணீரில் மருந்து உண்டா?

அந்த நீரில் ஏதேனும் மருந்துச் சத்து இருக்குமோ என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பிரனே மலைப் பகுதியில் வெந்நீர் ஊற்றுகளும் நோய் தீர்க்கும் கனிம நீர் ஊற்றுகளும் பல உண்டு. துலூஸ் நகரப் பேராசிரியர் ஃபியோல் அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் நீரைச் சோதித்து அறிக்கை கொடுத்தார். அது சாதாரணக் குடிநீர்தான். நோயைக் குணப்படுத்தும் தனிச் சத்து எதுவும் அதில் இல்லை என்பதே முடிவு.

லூர்து நீரை மந்திரத் தண்ணீர்போல நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த எண்ணம் தொடக்கத்திலேயே அடிபட்டுப் போனது என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

தார்ப் மறைமாவட்ட ஆயர் லோரன்ஸ் அவசரப்படவில்லை. விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கழித்து, 1862-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் தேதி, காட்சிகள் நம்பத் தகுந்தவை என்று அறிவித்தார். ஏராளமானோர் குணமடைந்ததாகச் சொல்லிக்கொண்டாலும் ஏழு சம்பவங்களை மட்டுமே அவர் ஏற்றுக்கொண்டார்.

மருத்துவர்களின் சோதனை

1883-ஆம் ஆண்டு லூர்து நகரில் மருத்துவப் பணியகம் தொடங்கப்பட்டது. குணமடைந்ததாகச் சொல்பவர்களை அங்கே மருத்துவர்கள் பரிசோதிக்கிறார்கள். நம்பிக்கை இல்லாத மருத்துவரும் அங்கு வந்து ஆராயலாம்.

அளவுகோல்களோ கடுமையானவை. 18-ஆம் நூற்றாண்டில் கர்தினால் லம்பர்த்தினி வகுத்தவை அவை. பின்னர் 14-ஆம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தை ஆனவர் அவர். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். தானாகத் தணியும் கட்டத்தில் இருக்கக்கூடாது. மருந்தினால் குணமாகியிருக்கக்கூடாது. குணம் திடீரென்று வந்திருக்க வேண்டும். முழுமையாக இருக்க வேண்டும். நிலைத்து நிற்க வேண்டும். இத்தனையும் பொருந்தினாலும், மருத்துவர்கள் "மருத்துவ அறிவால் விளக்க முடியவில்லை" என்று மட்டுமே சொல்வார்கள். அதை அற்புதம் என்று அறிவிக்கும் பொறுப்பு, குணமடைந்தவரின் மறைமாவட்ட ஆயருடையது.

7,000-க்கும் மேற்பட்டோர் குணமடைந்ததாகப் பதிந்திருக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டு வரை அற்புதம் என்று அறிவிக்கப்பட்டவை 72 மட்டுமே. முதல் உலகப் போரில் கல்லிப்போலி களத்தில் காயமடைந்த ஜாக் டிரேனர் என்ற ஆங்கிலேயர் 1923-இல் லூர்தில் குணமடைந்தார். அது அற்புதம் என்று லிவர்பூல் பேராயர் அறிவித்தது 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி! நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அற்புதத்தை விளம்பரப்படுத்த விரும்பும் ஒருவர் இவ்வளவு காலம் காத்திருப்பாரா?

கண்டும் நம்பாதவர்

அற்புதத்தைக் கண்ணால் கண்டால் விசுவாசம் தானாக வந்துவிடும் என்று பலரும் நினைப்பதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

புகழ்பெற்ற பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் சோலா 1892-இல் லூர்து சென்றார். காசநோயால் உருக்குலைந்திருந்த பெண்கள் குணமடைந்ததை அருகிலிருந்து பார்த்தார். ஆனாலும் நம்பவில்லை. 1894-இல் வெளியான அவருடைய நாவலில், அவர்களில் ஒருவரான மரி லெப்ராங்சுவை மாதிரியாகக் கொண்ட பாத்திரத்துக்கு நோய் திரும்பிவிடுகிறது. உண்மையான அந்தப் பெண்மணியோ நலமாக இருந்தார். பல ஆண்டுகள் உயிரோடு இருந்தார்.

1902-இல் நோயாளிகளின் ரயிலில் மருத்துவராக வந்தவர் அலெக்சிஸ் கரேல். சாகும் நிலையில் இருந்த மரி பெயி என்ற பெண்ணின் வீங்கிய வயிறு சில மணி நேரத்தில் வடிந்ததை அவர் கண்ணெதிரே கண்டார். கரேலுக்கு 1912-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. லூர்தில் கண்டதைப் பற்றி அவர் எழுதிய நூல், 1944-இல் அவர் இறந்த பின்னரே வெளிவந்தது. கண்டதை மறுக்கவும் முடியாமல், விசுவாசத்தில் நிலைகொள்ளவும் முடியாமல் அவர் வெகுகாலம் தவித்தார். இதில் இன்னொரு செய்தியும் உண்டு. மரி பெயி குணமடைந்தது அங்கீகரிக்கப்பட்ட அற்புதங்களின் பட்டியலில் சேரவே இல்லை.

குணமடையாத பெர்னதெத்

ஊற்றைக் கண்டெடுத்த பெர்னதெத்துக்கு என்ன ஆயிற்று? 1866-ஆம் ஆண்டு லூர்தை விட்டு நெவேர் நகரின் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அதன்பின் லூர்துக்குத் திரும்பவே இல்லை. மடத்தின் நோயாளர் அறையில் பணிவிடை செய்தார். பிறகு அவரே அங்கு நோயாளியானார். ஆஸ்துமா போகவில்லை. காசநோய் வலது முழங்கால் எலும்பைத் தின்றது. 1879-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி, 35-ஆவது வயதில், மிகுந்த வேதனையோடு இறந்தார்.

அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்லத் துணிவார்களா? ஊற்று மற்றவர்களுக்கானது, நோயைத் தாங்குவதே தமது வேலை என்ற பொருளில்தான் அவர் பேசி வந்தார். 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. காட்சி கண்டதற்கான பரிசு அல்ல அது. வாழ்ந்த வாழ்க்கைக்குக் கிடைத்த அங்கீகாரம்.

நற்செய்தி என்ன சொல்கிறது?

இது புதிய செய்தியும் அல்ல. இயேசு பலரிடம் அவர்களுடைய விசுவாசமே அவர்களைக் குணமாக்கியதாகச் சொன்னது உண்மைதான். ஆனால் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட முடக்குவாதக்காரரின் சம்பவத்தில், தூக்கி வந்த நண்பர்களின் விசுவாசத்தையும் அவர் பார்த்தார். பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் கிடந்தவருக்கு, தன்னைக் குணமாக்கியவர் யார் என்பதே தெரியவில்லை. பத்துத் தொழுநோயாளர்கள் குணமடைந்தார்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் ஒருவரே, அவரும் சமாரியர். ஆக, பத்துப் பேருக்கும் கிடைத்தது உடல் நலம். அதற்கு மேலான ஒன்று கிடைத்தது திரும்பி வந்த அந்த ஒருவருக்கு.

அடையாளம் காட்டினால்தான் நம்புவோம் என்று கேட்டவர்களுக்கு இயேசு காட்ட மறுத்தார். புனித பவுலோ தம் உடலில் தைத்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை. தம்மோடு ஊழியம் செய்த துரோப்பிமு நோயுற்றபோது, அவரை மிலேத்துவில் விட்டுவர நேர்ந்தது என்று எழுதுகிறார். வயிற்று நோயால் வருந்திய திமொத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சை இரசம் குடிக்கச் சொல்கிறார். விசுவாசம் போதாது என்று குறை சொல்லவில்லை.

எச்சரிக்கையும் ஆறுதலும்

2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி, குணமளிக்கும் செபக் கூட்டங்களைப் பற்றி வத்திக்கான் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. வெறிக்கூச்சல், நாடகத்தனம், பரபரப்பு ஆகியவற்றுக்கு, குறிப்பாக நடத்துபவர்களிடம், இடமே இருக்கக்கூடாது என்று அது கூறியது. குணம் வேண்டிச் செபிப்பது தவறல்ல என்றும் அதே ஆவணம் சொல்கிறது. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது போதித்தால், அது திருச்சபையின் போதனை அல்ல. லூர்து காட்சிகளைக்கூட ஒவ்வொரு கத்தோலிக்கரும் நம்பியே தீர வேண்டும் என்று திருச்சபை கட்டாயப்படுத்துவதில்லை.

லூர்து நம் தமிழர்களுக்கும் தூரமான பெயரல்ல. சிங்கப்பூர் ஓஃபிர் சாலையில் 1888-ஆம் ஆண்டு தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்ட ஆலயம் லூர்து மாதா பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 2005-இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

காட்சி தொடங்கிய பிப்ரவரி 11-ஆம் தேதியை, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992-இல் உலக நோயாளர் தினமாக அறிவித்தார். குணமடைந்தவர்களின் தினம் என்று அவர் பெயரிடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் லூர்து செல்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே நோயோடுதான் வீடு திரும்புகிறார்கள். ஆனாலும் மறுபடியும் போகிறார்கள். அங்கே ஊர்வலத்தில் முதலிடம் சக்கர நாற்காலிக்கு. முன்பின் தெரியாத இளைஞர்கள் நோயாளிகளைத் தூக்கிச் சென்று நீராட்டுகிறார்கள். நோயாளியின் வீட்டுக்குப் போகும் ஒருவர், "இன்னும் விசுவாசமாகச் செபியுங்கள்" என்று அறிவுரை சொல்வதைவிட, அந்த இளைஞர்களைப்போல ஒரு கை கொடுத்தால் அது நோயாளிக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.