புறம்போக்குன்னு திட்டினா கோவிச்சுக்காதீங்க

திட்டு வார்த்தைக்கும் வரலாறு உண்டுங்க. "போடா புறம்போக்கு"ன்னு சொல்றவனுக்கும் சரி, வாங்கிக் கட்டிக்கிறவனுக்கும் சரி, அது தாசில்தார் ஆபீஸ் வார்த்தைன்னு அந்த நேரத்துல ஞாபகம் வர்றதில்லை. தீர்வை கிடையாது, தனி ஆள் பேர்ல பட்டா கிடையாது, ஊர்ப் பொதுவுக்குன்னு ஒதுக்கின நிலம். அதுதான் புறம்போக்கு. மேய்க்கால், ஏரி, களம், சுடுகாடு, வண்டிப்பாதைன்னு அதுல எத்தனையோ வகை. வெள்ளைக்காரன் நிலவரிக் கணக்கு எழுதினப்போ இந்த வார்த்தையை அப்படியே இங்கிலீஷ் தஸ்தாவேஜுக்குள்ள தூக்கிப் போட்டுக்கிட்டான். ஆடு மாடு மேய்ஞ்ச இடம், மீன் வளர்ந்த இடம், கடைசியா நம்மை எரிக்கிற இடம் எல்லாம் சேர்ந்து எப்படி "உதவாக்கரை"ன்னு அர்த்தமாச்சு? கஜானாவுக்குக் காசு வராத நிலம் கஜானாக்காரன் கண்ணுக்கு வெத்து நிலம். அவன் பார்வையை நாமும் வாங்கிக்கிட்டோம்னு நினைக்கிறேன்.

2015ல எஸ்.பி.ஜனநாதன் தன்னோட படத்துக்கு 'புறம்போக்கு என்கிற பொதுவுடைமை'ன்னு பேர் வச்சப்பவே இந்த விஷயத்தைத் தொட்டுட்டார். ஆனா வார்த்தையைத் தலைகீழாப் புரட்டி, சிரிக்கவும் வச்சு, சுருக்குன்னு குத்தவும் செஞ்சது 2017 ஜனவரியில வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்'தான். எழுதினவர் கபேர் வாசுகி. தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, தானே பாடுற ரகம். 'அழகு புரட்சி'ன்னு ஒரு தொகுப்பு போட்டவர். இந்தப் பாட்டை மட்டும் அவர் பாடலை. டி.எம்.கிருஷ்ணா பாடினார். மெட்டு ஆர்.கே.ஸ்ரீராம்குமார். ஆனந்தபைரவியில ஆரம்பிச்சு பேகடா, ஹமீர் கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவின்னு போய் சிந்துபைரவியில முடியற ராகமாலிகை.

குசும்பே இங்கதான் இருக்கு. சபாவுல கண்ணை மூடி ரசிக்கிற ராகங்கள். அதுக்குள்ள வர்ற பாஷையோ மீன் மார்க்கெட் பாஷை. பேகடாவுல "புறம்போக்கு"ங்கிற சொல் இழைஞ்சு வரும்போது ஒரு மாமா காபியை மூக்கால குடிச்சிருப்பார் :-) பாட்டோட வாதம் ரொம்ப எளிமை. புறம்போக்கு தனி ஆளோட சொத்து இல்லை, ஊரோடது, பூமியோடது. வெள்ளத்தைத் திட்டாதே, தண்ணி போற வழியில கட்டிடம் கட்டினவனைக் கேளு. கடைசியில பாடுறவர் தன்னையும் கேக்கிற நம்மளையும் புறம்போக்கு லிஸ்ட்ல சேர்த்துடுவார். திட்டு அப்படியே பட்டம் ஆயிடுது.

படம் பிடிச்சவர் ரதீந்திரன் பிரசாத். 2015ல சோஃபியா அஷ்ரஃப் பாடின 'கொடைக்கானல் வோன்ட்' வீடியோவும் இவர் எடுத்ததுதான். நிக்கி மினாஜ் மெட்டுல பாதரசக் கதையைச் சொன்ன ராப் அது. அடுத்த வருஷமே யூனிலீவர் அந்தத் தொழிலாளர்களோட சமரசத்துக்கு வந்தது. பாட்டாலதான் வந்ததுன்னு சொல்ல மாட்டேன். பதினஞ்சு வருஷப் போராட்டம் அதுக்குப் பின்னாடி இருக்கு.

புறம்போக்குப் பாட்டுல நாம பாக்கிறது எண்ணூர். கொசஸ்தலை ஆத்துக் கழி, அதுல படிஞ்ச அனல்மின் நிலையச் சாம்பல். பழவேற்காடு அங்கேருந்து தள்ளித்தானே இருக்குன்னு நினைச்சா தப்பு. காட்டுப்பள்ளி வழியா பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் ரெண்டையும் ஒரே தண்ணியாத்தான் சேர்த்து வச்சிருக்கு. 1613ல கெல்ட்ரியா கோட்டை கட்டின டச்சுக்காரன் துணி ஏத்திக்கிட்டுப் போன ஏரி அது. பெரும்பகுதி ஆந்திராவுல கிடக்கு. சில்காவுக்கு அடுத்து இந்தியாவுல பெரிய உப்புநீர் ஏரி. நண்டு சாப்பிடப் போற சென்னைக்காரங்களுக்கு (நானும்தான்) இதெல்லாம் கண்ணுல படாது.

அந்த ஏரியில 'பாடு'ன்னு ஒரு ஏற்பாடு உண்டு. முகத்துவாரத்துப் பக்கம் இறால் நல்லா விழற இடங்களை யாரும் வளைச்சுப் போட முடியாது. எந்த நாள், எந்த இடம், யார் வலைன்னு சீட்டு குலுக்கிப் போடுவாங்க. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம்னு பட்டினவர் ஊர்களுக்குள்ள தலைமுறை தலைமுறையா நடக்கிற முறை. இன்னைக்கு நல்ல இடம் எனக்குன்னா அடுத்த முறை உனக்கு. கொச்சிக் காயல்லயும் பாடு உண்டு, இலங்கை நீர்கொழும்புக் களப்புலயும் சீட்டு குலுக்கி வலை கட்டுவாங்க. பட்டா இல்லாத தண்ணின்னா கேக்க ஆளில்லாத தண்ணின்னு சொல்றவங்க இதைத்தான் முதல்ல பாக்கணும். கபேர் வாசுகி பாட்டுல கிண்டலாச் சொன்ன விஷயத்தை இந்த ஊர்க்காரங்க கணக்குப் பிசகாம நடத்திக்கிட்டு இருந்திருக்காங்க. பாடுன்னா முறை, பாடுன்னா கஷ்டம், பாடுன்னா பாடவும் செய்னு அர்த்தம். தமிழ் வசதியான பாஷைங்க.

அதே தண்ணி மேலதான் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிசாக்குற திட்டம் வந்தது. 2018ல எல் அண்ட் டி கிட்டேருந்து அதானி கைக்குப் போன துறைமுகம். சுமார் 6,000 ஏக்கருக்கு விரிக்கணும்னு திட்டம் போட்டாங்க. பழவேற்காட்டு மீனவ கிராமங்கள் எதிர்த்து நின்னதுல 2021 ஜனவரிக்குக் குறிச்ச கருத்துக் கேட்பு தள்ளிப்போச்சு, 2023 செப்டம்பருக்குக் குறிச்சதும் தள்ளிப்போச்சு.

பாட்டுல எனக்கு ஒரு குறை உண்டு. ஊருக்குப் பொதுன்னு சொல்லிட்டு, ஊருன்னா யாருன்னு அது கேக்கலை. பாட்டுல வராத கேள்வி பாடுலயும் இருக்கு. சீட்டு குலுக்குறப்போ மத்த சாதி மீனவங்க பேர் அதுல கிடையாது. அதை வச்சு ஏரியில சண்டையும் நடந்திருக்கு. இருளர்கள் அதே ஏரி ஓரத்துல இடுப்பளவு தண்ணியில இறங்கி, சேத்தைத் துழாவி, வெறுங்கையால இறால் பிடிக்கிறாங்க. சாம்பலும் எண்ணெயும் மிதந்து வந்தா முதல்ல படறது அந்தக் கையிலதான்.